நுரையீரல் புற்றுநோய்: ஒரே பாதையில் நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பது எப்படி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வாரம் வீட்டுக்கு வந்த எல்லோருமே அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒருவர் பேச்சும் அம்மாவின் மனதில் ஒட்டவில்லை. மூன்று வாரம் கழித்து, முதல் கீமோ முடிந்து மறுபரிசோதனைக்குப் போயிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் தலையில் துணி கட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் அம்மா மெதுவாகக் கேட்டார், "உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?" அவர் சொன்னார், "மருந்து ஏத்தின அன்னிக்கும் அடுத்த நாளும் வராதும்மா, கூடக் கொடுக்கிற ஸ்டீராய்டு பண்ற வேலை அது, நான் ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பேன், மூணாவது நாள் சரியாயிடும்." அவ்வளவுதான் பேச்சு. நோய் முற்றுவதால்தான் தூக்கம் போய்விட்டது என்று அம்மா மூன்று வாரமாக யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பெண்மணி அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், தனக்கு நடந்ததை மட்டும் சொன்னார். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்கும், ஒரு கவனிப்பாளர் இன்னொரு கவனிப்பாளருக்கும் பெரிய துணையாக இருக்கலாம். இரண்டில் ஒன்றை விட்டாலும் நல்ல மனதோடு செய்வதே கெடுதலாக முடியும். அப்படி ஒரு தவறை நானே செய்திருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

இது புதிய ஏற்பாடு இல்லை. 1952-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்ற பெண், அதே அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த மற்ற பெண்களை மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். அது ‘ரீச் டு ரெகவரி’ என்ற பெயரில் பெரிய திட்டமாக வளர்ந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு இந்த மாதிரித் துணை வெகு காலம் கழித்துத்தான் வந்தது. வரும் நோயாளிகள் சீக்கிரம் இறந்துபோனார்கள், பிழைத்து வந்து இன்னொருவர் கையைப் பிடிக்க ஆள் இல்லை. புது மருந்துகளால் இப்போது பல வருடங்கள் வாழ்கிறவர்கள் கூடியிருப்பதால்தான் இந்தத் துணையும் கூடியிருக்கிறது.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

நோயாளிகள் சேர்ந்து பேசிக்கொள்ளும் ஆதரவுக் குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள். 1989-ல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில் ஆதரவுக் குழுவில் இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக ஓர் ஆய்வு வெளியிட்டார், உலகமே அதைப் பேசியது. 2001-ல் அதே மாதிரிக் குழுக்களை இன்னும் அதிகப் பெண்களிடம் சோதித்தபோது ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் மனவேதனை குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது. ஆயுள் கூடும் என்று சொல்லி ஒருவரைக் குழுவுக்குள் இழுத்துவிட்டால், நோய் பெருகும்போது "நான் சரியாகப் பேசவில்லையோ, தைரியம் போதவில்லையோ" என்று அவர் தன்னையே நொந்துகொள்வார்.

உங்களுக்குப் பொருத்தமான ஆள் யார்

நான் செய்த தவறு இங்கேதான். அம்மாவுக்கு இ.ஜி.எஃப்.ஆர் மரபணு மாற்றம் இருப்பது தெரிந்து கீமோவை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள், இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, மாடிப்படி ஏறினார். அந்தச் சந்தோஷத்தில், அறிமுகமான ஒருவரிடம், அவருடைய அப்பாவுக்கு என்ன வகை என்றுகூடக் கேட்காமல், "மாத்திரை வந்திருக்கு, கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவருடைய அப்பாவுக்கு இருந்தது சிறு செல் வகை. அந்த மாத்திரை அதற்கானதே இல்லை. அவர் மருத்துவரிடம் போய்க் கேட்டு, இல்லை என்று தெரிந்து, திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்ததை என்னால் மறக்க முடியாது.

நுரையீரல் புற்றுநோய் என்பது ஒரே பெயரில் உள்ள பல நோய்கள். ஏறத்தாழ 85 சதவீதம் சிறு செல் அல்லாத வகை, மீதி சிறு செல் வகை. சிறு செல் அல்லாத வகைக்குள்ளேயே மரபணு மாற்றத்தைப் பொறுத்து சிகிச்சை அடியோடு மாறும்: இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே, ஆர்.ஓ.எஸ்.1, கே.ராஸ், மெட், ரெட் என்று பட்டியல் நீளும், எந்த மாற்றமும் இல்லாதவர்களும் நிறைய உண்டு, அவர்களில் பலருக்கு இம்யூனோதெரபியோ (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிடும் சிகிச்சை), கீமோவும் இம்யூனோதெரபியும் சேர்த்தோ கொடுப்பார்கள். அதனால் உங்கள் சிகிச்சையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால், எதிரில் இருப்பவர் சொல்ல விரும்பினால், நான்கு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: என்ன வகை, எந்த ஸ்டேஜ், மரபணுப் பரிசோதனை செய்தார்களா, இப்போது என்ன சிகிச்சை நடக்கிறது. "மரபணுப் பரிசோதனையா, அப்படின்னா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், அதை அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் சக நோயாளி ஒருவர் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரிதாக அதிகம் இல்லை.

அரிய வகை என்றால் பக்கத்தில் ஆள் கிடைக்காது. ஆர்.ஓ.எஸ்.1 மாற்றம், சிறு செல் அல்லாத வகை உள்ளவர்களிலேயே 100-க்கு ஒருவர் இருவருக்குத்தான் இருக்கும். அதனால்தான் அந்தந்த மரபணு மாற்றம் உள்ளவர்கள் நாடு தாண்டித் தங்களுக்குள் சேர்ந்து குழு அமைத்திருக்கிறார்கள், ‘ஆர்.ஓ.எஸ்.ஒன்டர்ஸ்’, ‘ஏ.எல்.கே பாசிட்டிவ்’, ‘இ.ஜி.எஃப்.ஆர் ரெசிஸ்டர்ஸ்’ என்று. எந்த மருந்துக்கு எந்தப் பக்கவிளைவு எந்த மாதத்தில் தலைகாட்டும் என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் என்று ஜோடி சேர்த்துவிடும் அமெரிக்க அமைப்புகளும் உண்டு. ‘இமர்மேன் ஏஞ்சல்ஸ்’ நோயாளியை நோயாளியோடும், கவனிப்பாளரைக் கவனிப்பாளரோடும் சேர்த்துவிடுகிறது. ‘லங்ஜெவிட்டி’ நுரையீரல் புற்றுநோய்க்காகவே நடத்தப்படுவது. ஆங்கிலம் தடையாக இருந்தால் நீங்கள் சிகிச்சை பெறும் இடத்திலேயே தொடங்குங்கள். கீமோ அறை நர்ஸிடமோ, சமூகப் பணியாளரிடமோ, வலி நிவாரணப் பிரிவிலோ, "இதே சிகிச்சை எடுத்து முடித்த, பேச விருப்பமுள்ள யாராவது இருந்தால், என் நம்பரை அவரிடம் கொடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். அவர் நம்பரைக் கேட்காமல் உங்கள் நம்பரைக் கொடுப்பது முக்கியம், பேசுவதா வேண்டாமா என்ற முடிவு அப்போது அவர் கையில் இருக்கும்.

கவனிப்பாளருக்குப் பொருத்தம் வேறு மாதிரி. மரபணு மாற்றமெல்லாம் இரண்டாம்பட்சம். கணவரைக் கவனிக்கும் மனைவிக்கு இன்னொரு மனைவிதான் வேண்டும், வயதான அப்பாவையும் கைக்குழந்தையையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு அதே மாதிரி இன்னொரு மகள்தான் வேண்டும்.

ஒரு குழுவில் சேர்ந்த முதல் இரண்டு வாரம் பேசாமல் கவனியுங்கள். யாராவது எதையாவது விற்கிறார்களா, மருந்தை நிறுத்திவிடு என்று யாராவது சொன்னால் அதைத் தட்டிக்கேட்க ஆள் இருக்கிறதா, உள்ளே பேசியது வெளியே போகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரு கேள்வியைக் கேட்காதீர்கள்

"சிகரெட் பிடிப்பாரா?" நுரையீரல் புற்றுநோய் என்று சொன்ன அடுத்த நொடி வருகிற கேள்வி. மற்றப் புற்றுநோய்க்காரர்களிடம் யாரும் முதல் வாக்கியத்திலேயே காரணம் கேட்பதில்லை. கேட்கிறவர் சாதாரணமாகக் கேட்கலாம், ஆனால் கேட்கப்படுகிறவர் காதில் அது "நீயே வரவழைத்துக்கொண்டாயா?" என்றுதான் விழுகிறது.

புகைதான் மிகப் பெரிய காரணம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் புகைக்கவே புகைக்காதவர்களுக்கும், வாழ்நாளில் நூறு சிகரெட்கூடப் பிடிக்காதவர்களுக்கும் வருகிறது, அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் வருபவர்களில் இப்படிப்பட்டவர்கள் 10 முதல் 20 சதவீதம் வரை. தரையிலிருந்து கசியும் ரேடான் வாயு, ஆஸ்பெஸ்டாஸ், பிறர் விட்ட புகை எல்லாம் காரணமாகலாம். வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2013-ல் அறிவித்தது.

சரி, இது தெரிந்தவர்கள்கூடத் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. "எங்க அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை, அவங்களுக்குப் போய் வந்துடுச்சு" என்று நான் ஒரு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் குழுவில் அதைச் சொன்னபோது, 30 வருடம் புகைத்து நிறுத்திய ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்கு வந்தது அநியாயம் என்று நான் சொன்னபோது, அவருக்கு வந்தது நியாயம் என்றல்லவா அதற்கு அர்த்தம் ஆகிறது? அன்றோடு அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். நிகோட்டின் என்பது அடிமையாக்கும் பொருள், பெரும்பாலானவர்கள் அதில் விழுந்தது விவரம் தெரியாத வயதில். புகைத்தவரும் புகைக்காதவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துதான் மருந்து ஏற்றிக்கொள்கிறார்கள்.

இன்னும் புகைக்கிற ஒருவர் உங்களிடம் ஒத்துக்கொண்டால், அதை அவர் வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கலாம். திட்டாதீர்கள். நோய் கண்டுபிடித்த பிறகு நிறுத்தினாலும் சிகிச்சைக்கு நல்லது என்பதையும், இ.ஜி.எஃப்.ஆர் மாற்றத்துக்குக் கொடுக்கும் எர்லோட்டினிப் மாதிரிச் சில மாத்திரைகளின் அளவைப் புகை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதையும் சொல்லலாம், நிறுத்த உதவும் மருந்துகளை மருத்துவரிடம் கேட்கச் சொல்லலாம். அதோடு விட்டுவிடுங்கள்.

முதல் முறை பேசும்போது

போனை எடுத்ததும் உங்கள் கதையை ஆரம்பிக்காதீர்கள். "இப்ப பேச முடியுமா, மூச்சு வாங்குதா?" இதுதான் முதல் கேள்வி. இந்த நோயில் பேசுவதே ஒரு வேலை. சிலருக்கு நாலு வாக்கியத்தில் இருமல் வரும். சிலருக்குக் குரல் நரம்பைக் கட்டி அழுத்துவதால் குரலே கம்மிப் போயிருக்கும், போனில் பேசக் கூச்சப்படுவார்கள். எழுதி அனுப்பட்டும், ஒரு வார்த்தையில் பதில் போடட்டும், இரண்டு நாள் கழித்துப் போடட்டும். பதில் வரவில்லை என்று மனத்தாங்கல் கொள்ள உங்களுக்கு இங்கே உரிமை இல்லை.

அடுத்தது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். "நான் என்னென்ன பார்த்தேன்னு சொல்லட்டுமா, இல்ல நீங்க பேசுங்க, நான் கேட்கிறேன்" என்று நேரடியாகவே கேட்கலாம். சிலர் எல்லா விவரமும் கேட்பார்கள், சிலர் இன்றைய நாளைத் தாண்டி எதுவும் கேட்க விரும்பமாட்டார்கள். குறிப்பாக எண்கள். "எத்தனை மாதம்" என்ற விஷயத்தை நீங்களாக எடுக்கவே கூடாது. அவராக எடுத்தால் இரண்டு விஷயத்தை மட்டும் விளக்கிச் சொல்லுங்கள். சராசரி ஆயுட்காலம் என்று இந்த நோயில் சொல்லப்படும் எண் பெரும்பாலும் நடு எண், அதாவது பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள், சிலர் பல மடங்கு கூடுதலாக. அப்புறம், ஐந்து வருட உயிர்வாழ்வு விகிதம் என்பது குறைந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால் நோய் கண்டறியப்பட்டவர்களை வைத்துத்தான் கணக்கிட முடியும், அதற்குப் பிறகு வந்த மருந்துகள் அந்த எண்ணுக்குள் முழுதாக இல்லை. இதற்கு மேல் போய், "உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிடாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாத விஷயம்.

"தைரியமா இருங்க", "பாசிட்டிவா யோசிங்க", "உங்களைப் பார்த்தா நோயாளி மாதிரியே தெரியலை" இந்த மூன்றும் ஆறுதல் போலத் தெரியும். கேட்கிறவருக்கோ, இனி இவரிடம் அழ முடியாது என்றுதான் தோன்றும். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான்..." என்று தொடங்கும் கதை எதுவாக இருந்தாலும் பாதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவும் சொல்லத் தெரியவில்லை என்றால், "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை, ஆனா போனை வைக்கப் போறதில்லை" என்று சொல்லுங்கள். இது என்னிடம் ஒருவர் சொன்னது. ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம், அந்த ஐந்து நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது.

மருந்து பற்றிப் பேசலாம், ஆனால்

"எனக்கு இப்படி இருந்தது, டாக்டரிடம் இதைக் கேட்டேன், அவர் இதைச் சொன்னார்." மருந்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த வடிவத்தில் இருந்தால் ஆபத்து குறைவு. "நீங்கள் இதை எடுங்கள்", "அதை நிறுத்துங்கள்" என்று மாறிய நொடியில் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

எல்லைக்குள்ளேயே பகிர்ந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர் மாத்திரைகளில் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரிக் கிளம்பும், நகக்கண் வீங்கி வலிக்கும், ஒரு சட்டைப் பொத்தான் போடுவதே வேதனையாக இருக்கும். வறட்சி வருவதற்கு முன்பே தினமும் மாய்ஸ்சரைசர் தடவுவதும், நகத்தை ஒட்ட வெட்டாமல் விடுவதும் அம்மாவுக்கு உதவியது. ஏ.எல்.கே மாற்றத்துக்குக் கொடுக்கும் லார்லாட்டினிப் மாத்திரை எடுப்பவருக்கு மனநிலை மாறலாம், ஞாபகமும் பேச்சும் தடுமாறலாம். அது பல நேரம் நோயாளிக்கே தெரியாது, வீட்டில் இருப்பவர்தான் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும், இதை இன்னொரு கவனிப்பாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனை வீட்டில் சண்டை குறைந்திருக்கும். மூச்சு வாங்கும்போது சிறிய கையடக்க விசிறியை முகத்துக்கு நேராகப் பிடிப்பது, முன்பக்கம் சாய்ந்து முழங்கையை மேசையில் ஊன்றி உட்காருவது, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவது போல மூச்சை விடுவது, இந்த மூன்றும் மருந்தில்லாமல் ஆசுவாசம் தருபவை. வலி நிவாரணப் பிரிவினர் சொல்லித்தருவார்கள், செய்து பழகிய ஒருவர் உட்கார்ந்து காட்டினால் இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

மூலிகை, சத்துப்பொடி, யாரோ சொன்ன சாறு என்று பேச்சு வந்தால் கேலி செய்யாதீர்கள், கேலி செய்தால் மறைத்துச் சாப்பிடுவார்கள். சாப்பிடுவது எல்லாவற்றையும் எழுதி மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டச் சொல்லுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை பல புற்றுநோய் மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும், கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, ஆரஞ்சு வகையைச் சேர்ந்த பெரிய பழம்) சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். நெஞ்செரிச்சலுக்கு எடுக்கும் சாதாரண மாத்திரைகூட எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப் உடலில் சேர்வதைக் குறைக்கும்.

சில விஷயங்கள் உங்கள் காதில் விழுந்தால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை, "ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேளுங்கள், கூப்பிடும் வரை விடாதீர்கள். கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இம்யூனோதெரபி எடுப்பவருக்குப் புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ, மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தாலும்கூட, ஏனென்றால் நுரையீரலே வீங்கியிருக்கலாம். இருமலில் ரத்தம். முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது. முகமும் கழுத்தும் வீங்குவது. ஒரு கால் மட்டும் வீங்குவது, அல்லது திடீர் நெஞ்சுவலி. புதிய கடுமையான தலைவலி, குழப்பம், வலிப்பு. இதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கலாம், மருத்துவமனையின் அவசர நம்பரோடு.

இன்னொன்றையும் சக நோயாளி சொன்னால்தான் எடுபடுகிறது. வலி நிவாரணப் பிரிவுக்கு, அதாவது பாலியேட்டிவ் கேருக்கு, அனுப்பினால் "கை விட்டுட்டாங்க" என்று நினைத்து உடைந்துபோகிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் டெமல் என்ற மருத்துவரின் குழு வெளியிட்ட ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் கேரும் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது, கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே எடுத்தும் அவர்களின் நடு ஆயுட்காலம் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். மேலே ஆயுள் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள் என்றேன், இதிலும் கொடுக்க வேண்டாம். "நானும் அங்கே போனேன், மூச்சுவாங்கலுக்கு அங்கேதான் வழி கிடைச்சது" என்று போய் வந்த ஒருவர் சொன்னால் போதும்.

ஸ்கேன் நாட்கள்

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வரும், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் யாரும் சரியாகத் தூங்கமாட்டார்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார்கள், ஒவ்வொரு இருமலையும் எண்ணுவார்கள். துணை நிற்பவர் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "அன்னிக்கு மெசேஜ் போடட்டுமா, இல்ல சும்மா விடட்டுமா?" என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். "ரிசல்ட் என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்றால் சொல்வார்கள், அவர்களே ஜீரணிக்க இரண்டு நாள் ஆகும். உங்கள் ஸ்கேன் நன்றாக வந்த அதே நாளில் அவருடையது மோசமாக வரலாம். உங்கள் நல்ல செய்தியை மறைக்கவும் வேண்டாம், அவர் முகத்துக்கு நேரே கொண்டாடவும் வேண்டாம். இரண்டாம் நாள் தனியாக, "என்னோடது நல்லா வந்திருக்கு, உங்ககிட்ட சொல்லத் தயக்கமா இருந்தது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டால் உறவு உடையாது.

கவனித்துக்கொள்பவரே, உங்களுக்கு

நோயாளி இருக்கும் குழுவில் உங்களால் உண்மை பேச முடியாது. "எனக்குக் களைப்பா இருக்கு" என்றுகூடச் சொல்ல முடியாது, அது அவர் காதில் விழுந்தால், தான் ஒரு பாரம் என்று நினைப்பார். அதனால் உங்களுக்கென்று தனி இடம் வேண்டும், தனி ஆள் வேண்டும். அங்கே சொல்லப்படும் விஷயங்கள் கேட்கப் பயங்கரமாக இருக்கும்: கோபம் வருகிறது, மருந்து நேரத்தில் அடம் பிடிக்கிறார் என்று கத்திவிட்டேன், இது எப்போது முடியும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கடைசியாகச் சொன்னதை நானும் நினைத்திருக்கிறேன். அது அம்மா சாக வேண்டும் என்ற ஆசை இல்லை, அவர் படும் பாடு நிற்க வேண்டும் என்ற தவிப்பு. அதை இன்னொரு மகள் "எனக்கும் அப்படித் தோணியிருக்கு" என்று சொன்ன நாளில்தான் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அப்படி ஒருவர் உங்களிடம் சொன்னால் அதிர்ச்சி காட்டாதீர்கள், திருத்தாதீர்கள்.

வீட்டுக்குள் அடிக்கடி வருகிற சிக்கல், நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அதைவிட அதிகமாகக் கவனிப்பாளருக்குத் தெரிந்திருப்பது. நீங்கள் இரவில் படித்ததையெல்லாம் காலையில் அவரிடம் கொட்டாதீர்கள். அதேபோல, அவருக்குத் தெரியாமல் அவர் விஷயத்தை எங்கேயும் பேசுவதாக இருந்தால் பெயர், போட்டோ, ரிப்போர்ட் எதையும் போடாதீர்கள். முடிந்தால், "உன் விஷயத்தை வெளியே கொஞ்சம் பேசிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் கூப்பிடுவதில்லை. வேலையைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்: வியாழன் மதியம் இரண்டு மணி நேரம் அவரோடு இருக்க முடியுமா, இந்த மருந்தை வாங்கி வர முடியுமா. இன்னொரு கவனிப்பாளருக்கு நீங்கள் உதவப் போகும்போதும் இப்படியே குறிப்பாகச் சொல்லுங்கள். உங்களுடைய தள்ளிப்போன ரத்த அழுத்தப் பரிசோதனை, பல்வலி, தூக்கம் இதையெல்லாம் உங்களிடம் கேட்க ஓர் ஆள் வேண்டும். நாங்கள் மூன்று பேர் ஞாயிறு மாலை ஒருவரை ஒருவர் "இந்த வாரம் உனக்காக என்ன பண்ணினே?" என்று கேட்டுக்கொள்வோம், பதில் "ஒண்ணுமில்லை" என்றால் திட்டு விழும்.

சில பேர் சேர்ந்து கூடுவதாக இருந்தால்

ஆறேழு பேர் போதும், ஒரு மணி நேரம் போதும். படி ஏறத் தேவையில்லாத இடம், ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு மின்இணைப்பு, சளி காய்ச்சல் உள்ளவர் அன்று வரக்கூடாது என்ற கண்டிப்பு. நடத்த இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் அழுதுகொண்டு வெளியே போனால் இன்னொருவர் பின்னாலேயே போக முடியும். வாசனைத் திரவியம் போட்டு வராதீர்கள், இருமலைக் கிளப்ப அதுவே போதும்.

துணை நிற்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது

உதவி செய்பவருக்கும் அந்த உதவியால் பலன் உண்டு என்பதை ஃபிராங்க் ரீஸ்மேன் என்ற சமூக உளவியலாளர் 1965-லேயே எழுதினார், அது உண்மைதான், அம்மா அடுத்தவருக்கு நகக்கண் வைத்தியம் சொல்லும்போது அவர் குரலே மாறும். ஆனாலும் உங்கள் கீமோ வாரத்தில் போனை அணைத்து வையுங்கள். ராத்திரி எத்தனை மணி வரை அழைக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவமனைகளில் மனவேதனையை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லச் சொல்வார்கள், 4 அல்லது அதற்கு மேல் என்றால் நிபுணர் உதவி தேவையா என்று பார்ப்பார்கள். அதை உங்களுக்கே வாரம் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஒருவர் "இனிமே இருந்து என்ன" என்ற மாதிரிப் பேசினால் நழுவ விடாதீர்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம், குறிப்பாக நோய் தெரிந்த முதல் மாதங்களில், தற்கொலை அபாயம் கூடுதல். "உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், வீட்டில் ஒருவரையும் சிகிச்சை தரும் மருத்துவரையும் அல்லது அவசர உதவியையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டாலும், இந்த ஒரு விஷயத்தில் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஒருவர் இறந்த பிறகு

இந்த நோயில் துணை நிற்க வந்தால் இழப்பு வரும், வராது என்று நினைத்து உள்ளே வராதீர்கள். குழுவில் ஒருவர் போய்விட்டால் அதை மூடி மறைக்காமல் சொல்லுங்கள், விவரம் தெரியாமல் நாட்கணக்கில் காத்திருப்பதுதான் மற்றவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. ஆனால் அன்று கேட்க முடியாதவர்கள் விலகியிருக்கவும் இடம் கொடுங்கள். அவருடைய கவனிப்பாளரைக் குழுவிலிருந்து நீங்களாக நீக்காதீர்கள். எப்போது போவது என்று அவரே முடிவு செய்யட்டும். ஒருநாள் விடாமல் பேசிக்கொண்டிருந்த கூட்டமும், மருத்துவமனையும், மருந்து அட்டவணையும் ஒரே வாரத்தில் அவருக்கு இல்லாமல் போகிறது. திரும்பி வந்து மற்றவர்களுக்கு உதவுகிறேன் என்று உடனே சொன்னாலும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், ஒரு வருடமாவது போகட்டும் என்பது என் கருத்து.

முதல் வாரத்தில் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாதம் யாரும் கூப்பிடமாட்டார்கள், அப்போது நீங்கள் கூப்பிடுங்கள். போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், பெயரைச் சொன்னால் அழுவார்களோ என்று தவிர்க்காதீர்கள். அம்மா போன மூன்றாவது மாதம் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது, கீமோ அறைக்கு வெளியே தலையில் துணி கட்டி உட்கார்ந்திருந்த அதே பெண்மணியிடமிருந்து: "இன்னிக்கு எனக்கு மருந்து ஏத்துற நாள், ரெண்டு மணிக்கு முழிப்பு வரும், உங்க அம்மாவை நினைச்சுக்குவேன். நீயும் முழிச்சிருந்தா பேசு."